முதுகெலும்பு முறிந்தால் கத்தியா, கச்சையா?

(ஒரு கிராமத்து வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேசவேண்டிய விஷயமாகப் போடப்பட்டிருப்பது முதுகெலும்பு முறிவு என்பதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலர், இது ஆஸ்பத்திரியில் பேசுகிற விஷயமே ஒழிய மேடையில் பேசுகிற விஷயமா என்று நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அன்றியும் நான் வைத்தியம் படித்தவனுமல்ல. ஆனாலும் இந்த ஊரில் பனையேறுகிறவர்கள் இருக்கிறீர்கள், தேங்காய் பறிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், சாரம் கட்டி வேலை செய்கிற கொத்தனார்கள் இருக்கிறீர்கள், கிணறு வெட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள், போதாததற்கு வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் இருக்கிறது. விழுகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவுடன் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டி, ஆபரேஷனுக்குச் சம்மதமா, இல்லையா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் டாக்டர் அல்ல. அவனுடைய பெண்சாதியும் அண்ணன் தம்பியும்தான். அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட அவகாசம் கிடைப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ள முடியாததை இன்று சாவகாசமாகத் தெரிந்துகொண்டால் என்ன நஷ்டம்?

முதலில் என் குடும்பத்தில் நடந்த இரண்டு சங்கதிகளைச் சொல்லுகிறேன்.

என் பெரியப்பா மகன் பனையேறி. ஒரு நாளைக்கு 40 பனை, காலையும் மாலையும் ஏறி இறங்குவார். 1987-ம் வருஷம் பதநீர்க் காலத்தில், பாளை சீவிக்கொண்டிருந்தவர் மட்டை பிய்ந்து கீழே விழுந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நல்ல நினைவோடு இருந்தார். "இடுப்புதான் வலிக்கிறது தம்பி" என்றார். கால் விரலை அசைத்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து உட்கார வைத்தோம். தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூளி போலத் தூக்கி வண்டியில் போட்டோம். பெரியம்மா சுடலைக்கு ஆடு வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். வண்டி நேரே எலும்பு கட்டுகிற ஒருவரிடம் போயிற்று. அவர் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்தார். சடக்கென்று ஒரு சத்தம். "எலும்பு கூடிவிட்டது" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணனுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயிற்று. மூத்திரமும் கட்டிக்கொண்டது. விழுந்ததால் போயிற்றா, நாங்கள் தூக்கியதால் போயிற்றா, முழங்காலால் போயிற்றா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. விழுந்தபோது விரல் அசைந்தது, சாயங்காலம் அசையவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

மற்றொன்று 2019-ல் நடந்தது. என் மைத்துனர் மகன் மோட்டார் சைக்கிளோடு பாலத்துக்குக் கீழே விழுந்தான். பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பில் முதல் கணு நொறுங்கியிருக்கிறது, இன்றிரவே திருகாணி போடாவிட்டால் கால் போய்விடும், மூன்றரை லட்சம் கட்டுங்கள் என்றார்கள். மைத்துனர் 60 சென்று நிலத்தைக் கிரயம் பேசிவிட்டார். நான் பழைய அனுபவத்தால் பயந்து, "கட்டிவிடுங்கள் மாமா" என்றுதான் சொன்னேன். ஆனால் பையனுடைய தாயார், "பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்காமல் நிலத்தை விற்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஆம்புலன்சில் படுத்தபடியே ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர் ஊசியால் காலைக் குத்திப் பார்த்தார், விரலை மடக்கச் சொல்லிப் பார்த்தார், ஆசனவாயில் உணர்ச்சி இருக்கிறதா என்றுகூடச் சோதித்தார். மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். "நரம்பு கெடவில்லை, பின்னால் இருக்கிற தசைநாரும் அறவில்லை, கத்தி வேண்டாம்" என்றார். இடுப்புக்கு ஒரு கச்சை. மூன்று மாதம் குனியக்கூடாது, சுமை தூக்கக்கூடாது என்று உத்தரவு. பையன் இன்று நெல் மூட்டை தூக்குகிறான். மழைக் காலத்தில் கொஞ்சம் வலிக்கிறது என்கிறான். நிலமும் இருக்கிறது.

இந்த இரண்டையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஆபரேஷனே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்டுவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை எதைக் கொண்டு நிதானிப்பது என்பதுதான் கேள்வி.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பல்ல. கழுத்தில் 7 கணு, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றாய் ஒட்டிக்கொண்ட எலும்புகள். ஒவ்வொரு கணுவுக்கும் முன்பக்கம் ஒரு கட்டை, பின்பக்கம் ஒரு வளையம். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு குழாய் போலாகின்றன. அந்தக் குழாய்க்குள்தான் மூளையிலிருந்து இறங்குகிற தண்டு நரம்பு போகிறது. கணுக்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது தசைநார்கள். எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். தசைநார் அறுந்தால் அவ்வளவு சுலபமாகச் சேராது. தண்டு நரம்பு அறுந்தால் அதை ஒட்டவைக்க இன்றுவரை உலகத்தில் எந்த வைத்தியமும் கிடையாது. மரத்திலிருந்து விழுகிறவனுக்கு அதிகமாக முறிவது நெஞ்செலும்பு முடிந்து இடுப்பெலும்பு ஆரம்பிக்கிற இடம். ஏனென்றால் மேலே விலாவெலும்புகளால் கட்டப்பட்டு அசையாத பாகம். கீழே வளைந்து கொடுக்கிற பாகம். கெட்டியான கழியும் வளைகிற கழியும் கூடுகிற இடத்தில்தானே ஒடியும்?

ஒடிவதிலும் வகை உண்டு. கட்டை முன்பக்கம் மட்டும் நசுங்கி ஆப்பு போலாவது ஒன்று. இது அநேகமாகச் சாது. கட்டை எல்லாப் பக்கமும் சிதறி, ஒரு துண்டு பின்னால் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு வருவது மற்றொன்று. டாக்டர்களுக்குள் சண்டையெல்லாம் இதைப் பற்றித்தான். பின்பக்கத் தசைநார் கிழிந்து கணு வாய் பிளப்பதும், ஒரு கணு மற்றொரு கணுவை விட்டு நழுவிப்போவதும் உண்டு. கடைசியாகச் சொன்னது மிகவும் பொல்லாதது.

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. எகிப்து தேசத்தில் சுமார் 3,600 வருஷங்களுக்கு முன் எழுதின வைத்தியச் சுவடி ஒன்று இருக்கிறது. அதை வாங்கினவர் பெயரால் எட்வின் ஸ்மித் சுவடி என்று சொல்லுகிறார்கள். அதில் 48 பேருடைய காயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. கழுத்துக் கணு நழுவி, கையும் காலும் தெரியாமல் போனவனைப் பற்றி, இது வைத்தியம் செய்யத்தக்கதல்ல என்று எழுதிவிட்டார்கள். ஆனால் பாருங்கள், அந்த 48-ல் ஒரே ஒரு இடத்தில்தான் மந்திரம் சொல்லியிருக்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் பார்த்து, தொட்டு, சோதித்து, இன்னது செய், இன்னது செய்யாதே என்றுதான் இருக்கிறது. பெரியம்மா நேர்ந்துகொண்ட ஆடு எனக்கு இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது.

கிரேக்க தேசத்தில் ஒரு முறை இருந்தது. முதுகு வளைந்தவனை ஏணியில் வைத்துக் கட்டி, ஏணியைத் தூக்கி, மேலிருந்து தொப்பென்று விடுவார்கள். அதிர்ச்சியில் எலும்பு நேராகிவிடுமாம்! ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்குகிற மூட்டுகளைப் பற்றிய நூலில் இதை வெட்கக்கேடு என்கிற முறையில் எழுதியிருக்கிறது. கூட்டத்தை வாய் பிளக்க வைக்க விரும்புகிற வைத்தியர்கள்தான் இதைச் செய்கிறார்கள், பிறகு அவன் நேரானானா என்று யாரும் விசாரிப்பதில்லை என்று கண்டித்திருக்கிறது. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் எழுதினது என்று சொன்னால்தான் நம்பமுடியும். அண்ணனுக்கு முழங்கால் போட்டவரைச் சுற்றியும் நாங்கள் முப்பது பேர் நின்று கொண்டிருந்தோம்.

நிற்க. மேல்நாட்டு வைத்தியம் மாத்திரம் எப்போதும் சரியாகவே இருந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் மகாயுத்தத்தில் முதுகில் குண்டு பட்டுக் கால் விழுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் மூத்திரப்பை சீழாலும் செத்தார்கள். முறிவினால் சாகவில்லை, பார்த்துக்கொள்ளத் தெரியாததால் செத்தார்கள். இதை மாற்றினவர் லூட்விக் குட்மன் என்பவர். யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காக ஜெர்மனியில் இருக்க முடியாமல் 1939-ல் இங்கிலாந்துக்கு ஓடி வந்தவர். 1944-ல் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைக் கொடுத்தார்கள். அவர் கத்தியை நம்பவில்லை. நோயாளியைத் தலையணைகள் வைத்து, முறிந்த இடம் தானே நேராகும்படி கிடத்தினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போட ஏற்பாடு செய்தார். மூத்திரத்தைச் சுத்தமான குழாயால் எடுக்கச் செய்தார். பிழைத்தவர்களை உட்கார்த்தி வைத்து, கையில் அம்பும் வில்லும் கொடுத்தார். 1948-ல் அவர்களுக்கு நடத்தின பந்தயம்தான் இன்று பாராலிம்பிக் என்று உலகமெல்லாம் நடக்கிறது. அவருடைய ஆஸ்பத்திரியார் கத்தி வைக்காமல் பார்த்த 612 பேருடைய கணக்கை 1969-ல் அச்சிட்டார்கள். அதில் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினவர்களும் இருந்தார்கள்.

நம்முடைய வேலூரில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் அம்மையாருக்கு 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து கால்கள் போயின. அவர் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய்ப் படித்துவந்து, கால் விழுந்தவர்களுக்கென்று ஒரு நிலையத்தை 1966-ல் ஏற்படச் செய்தார். கால் விழுந்தால் காரியமும் விழுந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொன்னேன்.

இதற்கிடையில் இரும்பு வந்தது. 1960-களில் முதுகுக்கு நீளக் கம்பிகளும், அதற்கப்புறம் கணுவுக்குள் முடுக்குகிற திருகாணிகளும் வந்தன. இவற்றால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று மாதம் கட்டிலில் கிடந்தவன் மூன்றாம் நாள் உட்காருகிறான். ஆனால் வசதி வந்ததும் வேறொரு எண்ணமும் கூடவே வந்தது. வளைந்திருப்பதை நேராக்கினால் வலி குறையும், குழாய்க்குள் தள்ளியிருக்கிற துண்டை எடுத்தால்தான் நரம்பு பிழைக்கும் என்று, பரீட்சை செய்யாமலேயே எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். எக்ஸ்ரே படத்தில் நேராக நிற்கிற எலும்பைப் பார்த்தால் டாக்டருக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி. படுத்திருக்கிறவன் படத்துக்காகவா வாழ்கிறான்?

அமெரிக்காவில் கர்க்கம் உட் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் இதைப் பரீட்சித்தார்கள். கட்டை சிதறியிருந்தும் நரம்பு கெடாதவர்களை எடுத்துக்கொண்டு, யாருக்கு ஆபரேஷன், யாருக்குக் கட்டு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தீர்மானித்தார்கள். ஏன் சீட்டு? டாக்டரே பொறுக்கினால் திடகாத்திரமானவனை ஒரு பக்கமும் நோஞ்சானை மற்றொரு பக்கமும் போட்டுவிடுவார். அப்புறம் சிகிச்சை ஜெயித்ததா, உடம்பு ஜெயித்ததா என்று தெரியாது. 47 பேரைத் தொடர்ந்து பார்த்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலியில் விசேஷ லாபம் ஒன்றும் இல்லை. அவர்களுக்குத்தான் தொந்தரவுகள் அதிகம் வந்தன. செலவோ நான்கு மடங்குக்கு மேல்! முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் சம்பந்தமே தெரியவில்லை. 2015-ல், அதாவது 16 முதல் 22 வருஷம் கழித்து, மறுபடியும் அதே ஆட்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். கத்தி படாதவர்கள்தான் வலி குறைவாகவும் வேலை செய்கிற சக்தி அதிகமாகவும் இருந்தார்கள். குழாய்க்குள் தள்ளி நிற்கிற துண்டு இருக்கிறதே, அதை உடம்பே மாதக் கணக்கில் கரைத்துக் குழாயைத் திரும்ப அகலமாக்கிவிடுகிறது என்பதையும் டாக்டர்கள் ஸ்கேன் எடுத்துக் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் நானும் புராணப் பிரசங்கிதான். ஹாலந்து தேசத்தில் 34 பேரை இதேபோல் சீட்டுப்போட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான அந்தக் கணக்கில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள், பழைய வேலைக்கும் அதிகம் பேர் திரும்பினார்கள். ஆக ஒன்றுக்கொன்று நேர் விரோதம். உலகத்துப் பரீட்சைகளையெல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்க்கிற காக்ரேன் என்ற சங்கத்தார் 2013-ல் இவை இரண்டையும் எடைபோட்டு, ஆட்கள் மொத்தம் 87 பேர்தான், இதைக்கொண்டு எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த வார்த்தை மிகவும் பிடித்தது. தெரியவில்லை என்று எழுதுகிற சாஸ்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் தோழர்களே, படித்தவர்களுக்கே தெரியாத ஒரு விஷயத்தில், இன்றிரவே செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று நரம்பு கெடாத பையனிடம் அடித்துச் சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது?

கச்சைக்கும் இதே கதிதான். கனடாவில் இப்படிக் கட்டை சிதறின 96 பேரில் பாதிப் பேருக்குக் கச்சை போட்டும் மற்றவர்களுக்குப் போடாமலும், எல்லோரையும் சீக்கிரமே எழுந்து நடக்கச் சொன்னார்கள். 2014-ல் வெளியிட்டார்கள். இருவரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். மைத்துனர் மகனுடைய கச்சை எண்ணாயிரம் ரூபாய்! அதுவாவது மிச்சமாகியிருக்கலாமோ என்னவோ.

இவையெல்லாம் வெளிதேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். நமது சென்னையிலேயே நடந்த ஒரு பரீட்சையைச் சொல்லுகிறேன். விழாமலேயே முதுகெலும்பு நொறுங்குகிற வியாதி ஒன்று உண்டு. க்ஷயரோகம் நுரையீரலில்தான் வரும் என்று நினைக்கிறோம்; அது முதுகுக் கணுவையும் அரிக்கும். கணு உள்ளுக்குள் உளுத்து இடிந்து, கூன் விழும். முற்காலத்தில் இதற்கு மாதக்கணக்கில் படுக்கையும், மாவுக்கட்டுச் சட்டையும்தான் வைத்தியம். பிறகு ஹாங்காங்கில் நெஞ்சைத் திறந்து, அரித்த எலும்பையெல்லாம் வெட்டி எறிந்து, வேறு எலும்பை வைத்து ஒட்டுகிற பெரிய ஆபரேஷனைக் கண்டுபிடித்தார்கள். இதுதான் சிறந்தது என்று எங்கும் பேச்சாயிற்று. 1970-களில் சென்னைச் சேத்துப்பட்டில் இருக்கிற க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார் 304 நோயாளிகளை எடுத்து, சீட்டுப்போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அந்தப் பெரிய ஆபரேஷனும் 6 மாத மாத்திரையும். இரண்டாவது பிரிவுக்கு 6 மாத மாத்திரை மட்டும். மூன்றாவது பிரிவுக்கு 9 மாத மாத்திரை மட்டும். மாத்திரைக்காரர்களுக்குப் படுக்கையும் இல்லை, கட்டும் இல்லை, வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷம் பார்த்தார்கள். ஆபரேஷன் பிரிவில் 100-க்கு 90 பேரும், ஆறு மாத மாத்திரைப் பிரிவில் 94 பேரும், ஒன்பது மாத மாத்திரைப் பிரிவில் 99 பேரும் நல்ல நிலையில் இருந்தார்கள். கூலி வேலை செய்துகொண்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடமாடின நம் சென்னை ஜனங்கள், உலகத்திலேயே பெரிய ஆபரேஷன் என்று சொல்லப்பட்டதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஆனால் நடக்க முடியாதபடி கால் விழுந்தவர்களை இந்தப் பரீட்சையில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு நியாயம் வேறு.

அடுத்தது கிழவிகளுடைய முதுகு. இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கூன் விழுந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பில் சத்துக் குறைகிறது. குடத்தைத் தூக்கினாலும் கணு நசுங்கிவிடும். பிரான்சில் 1984-ல் ஒரு வழி கண்டார்கள்: ஊசியை முதுகுக் கணுவுக்குள் செலுத்தி, அதன் வழியாக ஒருவகைச் சிமெண்டை உள்ளே விடுவது. செய்துகொண்டவர்கள் வலி போய்விட்டது என்றார்கள். எல்லா தேசங்களிலும் பரவிவிட்டது. லட்சக்கணக்கில் பணம். பிறகு ஆஸ்திரேலியாவில் ரேச்சல் புக்பைண்டர் என்ற அம்மையாரும், அமெரிக்காவில் டேவிட் கால்ம்ஸ் என்பவரும் ஒரு காரியம் செய்தார்கள். பாதிப் பேருக்கு நிஜமான சிமெண்டு. மற்றப் பாதிப் பேருக்கு அதே அறை, அதே மேஜை, அதே மரப்பு ஊசி, அதே பேச்சு. சிமெண்டைக் குழைத்து அந்த வாசனைகூட மூக்கில் ஏறும்படி செய்தார்கள். ஆனால் எலும்புக்குள் ஒன்றும் விடவில்லை. யாருக்கு நிஜம், யாருக்குப் பொய் என்று நோயாளிக்குத் தெரியாது, ஒப்புக்கொண்டே வந்தவர்கள். 2009-ல் இரண்டு பரீட்சைகளும் ஒரே சமயத்தில் வெளியாயின. இருவருக்கும் ஒன்றுபோலவே வலி குறைந்திருந்தது! நசுங்கின எலும்பு தானே சில வாரங்களில் சுகப்படுகிறது. பெயர் வாங்கினது சிமெண்டு. முறிந்து ஆறு வாரத்துக்குள் செய்தால் பலன் உண்டு என்று 2016-ல் ஆஸ்திரேலியாவிலேயே வேறொரு பரீட்சை சொல்லுகிறது. 2018-ல் ஹாலந்தில் செய்த பரீட்சை அதுவும் இல்லை என்கிறது. இந்தச் சண்டை தீரும்வரை, உங்கள் தாயாருக்குச் சிமெண்டு போடச் சொன்னால், முதலில் வலி மாத்திரையும், கொஞ்ச கொஞ்சமாக நடையும், எலும்பைக் கெட்டிப்படுத்துகிற மருந்தும் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

சாமியாடி திருநீறு போட்டு நம் வலி போனதற்கும் இந்தப் பொய் ஊசியால் வலி போனதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தன்னுடைய ஊசியைத் தானே பரீட்சித்துப் பார்த்து, இதில் ஒன்றுமில்லை என்று பத்திரிகையில் போட்டுக்கொண்ட சாமியாடி யாரையாவது காட்டுங்கள், பார்க்கலாம்!

இனி, கத்தி எப்போது அவசியம் என்பதைச் சொல்ல வேண்டும். இதை நன்றாய்க் கவனியுங்கள். 2005-ல் அமெரிக்காவில் வக்காரோ என்ற டாக்டரும் மற்றும் பலரும் சேர்ந்து, நெஞ்சு இடுப்புக் கணு முறிவுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் மார்க்குப் போடுகிற வழி ஒன்றை ஏற்படுத்தினார்கள். மூன்று பாடம். முறிவின் தினுசு: நசுங்கினால் 1, சிதறினால் 2, நழுவினால் 3, பிளந்தால் 4. நரம்பு: கெடாவிட்டால் பூஜ்யம், முழுதும் போய்விட்டால் 2, அரைகுறையாகக் கெட்டிருந்தால் 3. பின்பக்கத் தசைநார்: நன்றாயிருந்தால் பூஜ்யம், சந்தேகமானால் 2, அறுந்திருந்தால் 3. கூட்டினால் 3-க்குள் வந்தால் கத்தி வேண்டாம். 5-ம் அதற்கு மேலும் வந்தால் கத்தி வேண்டும். 4 வந்தால் டாக்டரும் நோயாளியும் கலந்து முடிவு செய்துகொள்ளலாம். மைத்துனர் மகனுக்குச் சிதறினதற்கு 2, நரம்புக்குப் பூஜ்யம், தசைநாருக்குப் பூஜ்யம். ஆக இரண்டே மார்க்கு. அதே சிதறலோடு கால் பாதி மரத்துப் போயிருந்தால் 2-ம் 3-ம் 5. அப்போது நிலத்தை விற்றாவது செய்ய வேண்டியதுதான். நரம்பு முழுதும் போனவனுக்கு 2 மார்க்கும் அரைகுறையாகக் கெட்டவனுக்கு 3 மார்க்கும் ஏன் என்று கேட்கலாம். அரைகுறையாய் இருக்கிறவனுக்குத்தான் காப்பாற்ற இன்னும் மிச்சம் இருக்கிறது!

கழுத்தில் அடிபட்டுக் கை கால் விழுந்தால் காலதாமதம் கூடாது. அமெரிக்கா, கனடா ஆஸ்பத்திரிகள் சில சேர்ந்து 2012-ல் வெளியிட்ட கணக்கில், ஆறு மாதம் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்கள் 222 பேர். 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 100-க்கு சுமார் 20 பேரும், தாமதித்துச் செய்யப்பட்டவர்களில் சுமார் 9 பேரும் இரண்டு படி முன்னேறியிருந்தார்கள். இது சீட்டுப்போட்ட பரீட்சையல்ல. ஆனாலும் நல்ல நேரம் பார்த்து, அமாவாசை கழியட்டும் என்று காத்திருக்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். எந்த இடத்து முறிவானாலும், முதலில் அசைந்த கால் நேரம் ஆக ஆகப் பலம் குறைந்துகொண்டே போனாலும், மூத்திரம் கட்டிக்கொண்டாலும், உட்காருகிற இடம் மரத்துப்போனாலும் அது அவசரம்.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நரம்பு கெட்டிருக்கிறதா, தசைநார் அறுந்திருக்கிறதா, ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்னென்ன கெடுதல் வரலாம் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுகிறவர் நல்ல டாக்டர்.

எல்லாவற்றுக்கும் முதலாக, விழுந்தவனை உட்கார வைக்காதீர்கள். வேறு ஆபத்து இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே விடுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். எடுத்தே தீரவேண்டுமானால் ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்கட்டும். மூன்று பேர் ஒரே பக்கமாக மண்டியிட்டு, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே மரக்கட்டை போலத் திரும்பும்படி ஒரே சொல்லில் புரட்டட்டும். கதவை முதுகோடு ஒட்டிச் சொருகித் திரும்பப் புரட்டட்டும். இதற்குச் செலவு ஒரு காசுகூட இல்லை. கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் நாலு பேர் வந்தால், இந்த வாசகசாலைக் கதவிலேயே செய்து காட்டுகிறேன்.

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. முதல் தோழர், எலும்பு கட்டுகிறவர்கள் எல்லோரும் மோசமா என்று கேட்கிறார். கை எலும்பு, கால் எலும்பைக் கட்டிச் சுகப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கையில் தவறினால் கை கோணும். முதுகுக்குள் நரம்பு இருக்கிறது. ஆகையால் முதுகையும் கழுத்தையும் தொட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

இரண்டாவது சீட்டு ஒரு அம்மையார் எழுதியிருப்பதுபோல் தெரிகிறது. கால் ஏற்கனவே விழுந்து போனவருக்கு வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அம்மா, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள், ராத்திரியும்கூட. தினம் விளக்கு வெளிச்சத்தில் முதுகையும் புட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள். மூத்திரக் குழாயைச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் தொடாதீர்கள். உட்கார முடிந்த அன்றைக்கே உட்கார வையுங்கள், ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். எங்கள் அண்ணனுக்கு இவ்வளவும் செய்ய வீட்டில் ஆள் இருந்தது. அண்ணி இருந்தார், நாங்கள் நாலு தம்பிமார் இருந்தோம். செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அவர் ஒன்பது வருஷம் அதே கயிற்றுக் கட்டிலில் கிடந்து, 1996-ல் படுக்கைப் புண்ணால் இறந்தார்.